பழைய பொட்டி, புது ஓஎஸ்: குப்பையில போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. ஆணி அதிகம்னு சொன்னா வழக்கமான புளுகுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. நிஜக் காரணம் எங்க அப்பாவோட லேப்டாப். அதோட மல்லுக்கட்டினதுல எனக்குன்னு ஒரு கருத்து உருவாகியிருக்கு. அதை எங்கயாவது கொட்டலைன்னா தலை வெடிச்சிடும். தங்கமணி ஏற்கனவே ரெண்டு தடவை கேட்டாச்சு, மூணாவது தடவை கேக்க முடியாதுன்னு தெளிவா சொல்லியாச்சு. அதனால மாட்டினது நீங்க. கொஞ்சம் நீளம். காபியோட உக்காருங்க.

அப்பா தாலுகா ஆபீஸ்ல தட்டச்சரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இப்ப கும்பகோணம் பக்கத்துல எங்க ஊர்ல இருக்கார். ரிட்டயர் ஆனாலும் தெருவுல யாருக்கு மனு எழுதணும்னாலும் நேரா எங்க வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவாங்க. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ், தெருவிளக்கு எரியலை, எல்லாத்துக்கும் அப்பாதான். காசு வாங்க மாட்டார். யாராவது ஒரு கட்டு ஏ4 பேப்பர் வாங்கிக் கொடுத்தா மட்டும் வேணாம்னு சொல்ல மாட்டார்.

இந்த மனுத் தொழிற்சாலையோட ஒரே இயந்திரம் 2015-ல நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஐந்தாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். வரும்போது விண்டோஸ் 8.1, அப்புறம் இலவசமா 10-க்கு மாத்தினேன். பத்து வருஷம் ஓடிடுச்சு. கடைசி ரெண்டு வருஷமா காலையில ஆன் பண்ணிட்டு அப்பா குளிச்சிட்டு வருவார். வர்றதுக்குள்ள கிளம்பியிருக்கும். அவருக்கு அது ஒரு குறையாவே தெரியலை.

2025 செப்டம்பர்ல ஒரு நாள் போன். "ஏம்ப்பா, அக்டோபரோட ஏதோ முடியுதுன்னு இதுல வருதே, என்ன முடியுது?" விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு நான் விளக்கறதுக்குள்ள அவரே டவுன்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். கடைப் பையன் திறந்து பார்த்துட்டு ஒரே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டான். "ஐயா, இதுல விண்டோஸ் 11 ஏறாது. இனிமே இது வேஸ்ட். புதுசு நாப்பத்தெட்டாயிரத்துல நல்லதா வருது. இதை எக்ஸ்சேஞ்சுல ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கறோம்."

அப்பா ரெண்டாயிரத்துக்குக் கொடுக்கலை. ஆனா வீட்டுக்கு வந்து அதை மூடி பீரோ மேல வெச்சிட்டார். மனுவோட வந்தவங்ககிட்ட "பொட்டி முடிஞ்சு போச்சும்மா"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டார். பின் தெருப் பாட்டி ஒண்ணு, நின்னு போன உதவித்தொகைக்கு மனு எழுத டவுனுக்கு பஸ் ஏறிப் போய் நூத்தம்பது ரூபாய் கொடுத்து டைப் பண்ணிட்டு வந்திருக்கு. இதை அம்மா போன்ல சொன்னப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த வாரக் கடைசியில கிளம்பி ஊருக்குப் போனேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். "ஏறாது"ன்னு அந்தப் பையன் சொன்னானே, அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர் விஷயத்துல "ஏறாது"ங்கறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, நிஜமாவே முடியாது. இன்னொண்ணு, முடியும், ஆனா விட மாட்டாங்க. இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் நாம நல்ல பொட்டிகளைத் தூக்கி எறியறோம்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2003-ல என்கிட்ட இருந்தது பென்டியம் 3, 64 எம்பி ராம், விண்டோஸ் 98. அதுல யூனிகோட் தமிழைத் திறந்தா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல கட்டம் கட்டமா நிக்கும். திஸ்கி எழுத்துருவைப் போட்டுக்கிட்டு ஒப்பேத்திக்கிட்டு இருந்தோம். எக்ஸ்பி போட்டா யூனிகோட் ஒழுங்கா தெரியும்னு கேள்விப்பட்டு, ஒரு 128 எம்பி ராம் குச்சி வாங்கிச் சொருகி, எக்ஸ்பியை ஏத்தினேன். அப்புறமும் தமிழ் வரலை. கண்ட்ரோல் பேனல்ல மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுன்னு ஒரு கட்டத்தை டிக் பண்ணணும். பண்ணினா சீடியைக் கேக்கும். சீடியைக் கொடுத்தவர் திருப்பி வாங்கிட்டுப் போயிருப்பார். இந்தக் கூத்தை அனுபவிக்காத பழைய பதிவர் யாராவது உண்டா? :-)

எதுக்குச் சொல்றேன்னா, அன்னிக்குப் பழைய பொட்டியில புது ஓஎஸ் போட்டதுக்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. தமிழ் தெரியணும். எக்ஸ்பிக்குக் கேட்டதும் பெருசா ஒண்ணும் இல்லை. குறைஞ்சபட்சம் 233 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 64 எம்பி ராம். 128 இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. தகுதி இல்லாத பொட்டியில போட்டா மெதுவா ஓடும். அவ்வளவுதான். வாசல்ல நிறுத்தி ஆதார் கேக்கலை.

2007-ல விஸ்டா வந்தப்ப கதை மாறிச்சு. அது கேட்ட தீனிக்கு அப்ப நம்ம வீடுகள்ல இருந்த பொட்டி எதுவும் தாங்கலை. "விஸ்டாவுக்குத் தகுதியானது"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்த பொட்டிகள்லயே விஸ்டா ஒழுங்கா ஓடலைன்னு அமெரிக்காவுல வழக்கே போட்டாங்க. அந்த வழக்குல வெளிய வந்த கடிதங்கள்ல, மைக்ரோசாஃப்ட்டோட துணைத் தலைவர் ஒருத்தரே 2,100 டாலர் கொடுத்து வாங்கின பொட்டி ஈமெயில் பார்க்கத்தான் உதவுதுன்னு புலம்பியிருந்தார். அடி வாங்கினதுக்கப்புறம் 2009-ல விண்டோஸ் 7 இளைச்சுப் போய் வந்தது. 2015-ல வந்த 10-ம் அதே வழி. 2 ஜிபி ராம் போதும்னாங்க. விஸ்டா காலத்துப் பொட்டியில 10 ஓடினதை நானே பார்த்திருக்கேன்.

அப்புறம் 2021 அக்டோபர்ல விண்டோஸ் 11. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். இது பரவாயில்லை. ஆனா கூடவே டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்புச் சில்லு வேணும், செக்யூர் பூட் வேணும். எல்லாத்துக்கும் மேல, ஒரு பட்டியல். இன்டெல்னா எட்டாம் தலைமுறையில இருந்துதான். அதாவது 2017-க்கு அப்புறம் வந்த சில்லுதான் உள்ள போகலாம். அப்பாவோட பொட்டியில பயாஸுக்குள்ள போய்ப் பார்த்தா டிபிஎம் 2.0 இருக்கு, தூங்கிக்கிட்டு இருந்தது, எழுப்பிட்டேன். செக்யூர் பூட் இருக்கு. ராம் சரியா 4 ஜிபி. இடம் கணக்கில்லாம இருக்கு. பட்டியல்ல பேர் மட்டும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் தரப்புல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஓஎஸ்ஸோட உயிர்நாடியான பகுதியில வைரஸ் நுழையாம காவல் காக்கற ஒரு வசதி இருக்கு. அதைச் சுலபமாக்கற உதவி சில்லுக்குள்ளயே வந்தது ஏழாம் தலைமுறையிலதான். அதுக்கு முந்தின சில்லுகள்ல அதை மென்பொருளா செய்யணும், வேகம் குறையும். தகுதி இல்லாத பொட்டிகள்ல சோதிச்சப்ப அடிமட்ட கிராஷ் 52 சதவீதம் அதிகமா இருந்ததுன்னு 2021 ஆகஸ்ட்ல அவங்களே ஒரு கணக்கும் சொன்னாங்க. ஒத்துக்கறேன். ஆனா அந்த வசதி இருக்கற ஏழாம் தலைமுறையையும் ஏன் சேர்த்து ஒதுக்கணும்? அதுலயும் கைவிட்டு எண்ணற சிலதை மட்டும் உள்ள விட்டாங்க. அப்படி உள்ள விட்டதுல ஒண்ணு 7820ஹெச்கியூ. மைக்ரோசாஃப்ட்டே வித்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-க்குள்ள இருந்த சில்லு அது. நம்ம ஊர் வரிசையில தெரிஞ்சவரை மட்டும் பக்கவாட்டுக் கதவு வழியா விடுவாங்களே, அந்த மாதிரி.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு பார்த்துடுவோம். 2024-ல வந்த 24ஹெச்2 பதிப்பு, பாப்கவுண்ட்ங்கற ஒரு கட்டளை தெரியாத சில்லுல பூட்டே ஆகாது. கோர் 2 டுயோ வெச்சிருக்கறவங்க என்ன குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காது. இதுதான் நிஜமான "முடியாது". அப்பாவோட ஐ5-க்கு அந்தக் கட்டளை தெரியும். அதனால அதுக்குச் சொன்னது "விட மாட்டேன்" மட்டும்தான்.

விட மாட்டேன்னா சும்மா இருப்போமா? பென்டிரைவ்ல ரூஃபஸ் வெச்சு, தகுதிச் சோதனையைத் தாண்டற மாதிரி விண்டோஸ் 11 தயார் பண்ணி, ஏத்திட்டேன். ஏறிச்சு! கடைப் பையனுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாமான்னு கூட நினைச்சேன். ஆனா ஆன் பண்ணி, உருப்படியா ஒரு வேர்ட் ஃபைல் திறக்க ஆறு நிமிஷம். அப்பா குளிச்சிட்டு, சாமி கும்பிட்டு, டிபனும் சாப்பிட்டுட்டு வரலாம்.

இங்கதான் எனக்குப் பல்பு எரிஞ்சது. இந்தப் பொட்டி மெதுவா ஓடறதுக்கும் ஓஎஸ்ஸுக்கும் பெரிய சம்பந்தமே இல்லை. குற்றவாளி ஹார்ட் டிஸ்க். கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 5,400 சுத்து. செகண்டுக்கு 90. ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். தேவையான இடம் ஊசிக்குக் கீழ வர சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும். ஊசி நகர்ற நேரத்தையும் சேர்த்தா, இங்கொண்ணு அங்கொண்ணா இருக்கறதை செகண்டுக்கு நூறு தடவை எடுத்தா பெரிய விஷயம். ஓஎஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைக் கேக்குது. ஒரு சாதாரண எஸ்எஸ்டியில சுத்தறதுக்கு எதுவும் இல்லை, செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும். ஐ5 பாவம், பத்து வருஷமா தட்டை ஏந்திக்கிட்டு பந்தியில உக்காந்திருந்தது. பரிமாறறவர்தான் வரலை.

டவுனுக்குப் போய் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணும், பழைய 4 ஜிபி ராம் குச்சி ஒண்ணும் வாங்கினேன். ரெண்டும் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள. பின்பக்கம் ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டினேன். திறந்ததோட திறந்ததா, செத்துப் போயிருந்த வட்ட பேட்டரியையும் மாத்தினேன். கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி, சிஆர்2032, முப்பது ரூபாய். அது செத்தா தேதி பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பாதி வலைத்தளம் "பாதுகாப்பில்லை"ன்னு திறக்காது. இதை வைரஸ்னு நினைச்சுப் பொட்டியையே மாத்தினவங்களை எனக்குத் தெரியும். முப்பது ரூபாய் சமாச்சாரம்!

இப்ப ஆன் பண்ணினா இருபத்தஞ்சு செகண்ட். அதே விண்டோஸ் 11, அதே சில்லு.

"அப்ப முடிஞ்சுதே, எதுக்கு இன்னும் நீட்டறே?"ன்னு கேக்கறீங்க. முடியலை. தகுதி இல்லாத பொட்டிக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. மாசாந்திர அப்டேட் பொதுவா வந்துடுது. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய பதிப்பு தானா வராது, திரும்பவும் பென்டிரைவோட நான் போகணும். இன்னிக்குப் பின்வாசல் வழியா போனேன். நாளைக்கு அதை அடைச்சா? நம்ம சொந்தப் பொட்டின்னா விளையாடலாம். எழுபது வயசைத் தாண்டினவர், பென்ஷன் வர்ற பேங்க் கணக்கை அதுல பார்க்கறவர், அவரை அடுத்தவன் தயவுல உக்கார வெக்க எனக்கு மனசு வரலை.

"அப்ப விண்டோஸ் 10-லயே விட்டிருக்கலாமே, என்ன ஆயிடப் போகுது?" இது அடுத்த கேள்வி. நம்மாளுங்க நிறைய பேர் இதைத்தான் செய்யறாங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை வந்தப்ப உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆபீஸ்னு மாட்டிச்சே, ஞாபகம் இருக்கா? அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட் மார்ச் மாசமே வந்தாச்சு. போடாதவங்கதான் மாட்டினாங்க. அதுலயும் பெரும்பாலானது அப்ப இன்னும் ஆதரவுல இருந்த விண்டோஸ் 7. அப்டேட் வந்தும் போடாததுக்கே இந்த கதின்னா, அப்டேட்டே வராத ஓஎஸ்ல பேங்க் பார்க்கறது எப்படி? விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்பு அறிவிச்சாங்க. அதைப் பதிஞ்சவங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைச்சது. ஆனா அது கடனைத் தள்ளிப் போடறதுதான், அடைக்கறது இல்லை.

அதனால என் கட்சி இதுதான். பழைய பொட்டியில புது ஓஎஸ் போட்டே ஆகணும். ஆனா எது புதுசுங்கறதைப் பளபளப்பை வெச்சோ பேரை வெச்சோ முடிவு பண்ணக் கூடாது. போன வாரம் கண்டுபிடிச்ச ஓட்டையை இந்த வாரம் அடைக்க ஒருத்தர் இருக்காரா, அவர் நம்ம பொட்டியை வேணாம்னு ஒதுக்காம இருக்காரா? இந்த ரெண்டுக்கும் ஆமாம்னா அது புது ஓஎஸ். இல்லைன்னா எவ்வளவு பளபளத்தாலும் பழசு.

அப்பா பொட்டிக்கு நான் போட்டது லினக்ஸ் மிண்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2024 ஜூலையில வந்தது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. 2 ஜிபி ராம்லயே ஓடும்னு சொல்றாங்க, இங்க 8 இருக்கு, ராஜ வாழ்க்கை. நிறுவறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூணும் வேலை செய்யுதான்னு பார்த்துட்டுத்தான் உள்ள இறக்கினேன். பிரிண்டர் வயரைச் சொருகினதும் தானே கண்டுபிடிச்சு ஒரு பக்கம் அடிச்சுக் கொடுத்தது. நானே எதிர்பார்க்கலை.

இந்த இடத்துல லினக்ஸ் பக்தர்கள் பதிவு முடிஞ்சிடும். எல்லாரும் சுபமா இருந்தாங்கன்னு. எனக்கு அங்கதான் வேலையே ஆரம்பிச்சது.

முதல் பிரச்சனை தட்டச்சு. அப்பாவுக்கு ஃபோனெடிக் தெரியாது, தமிழ்99 தெரியாது. பழைய டைப்ரைட்டர் அமைப்புதான் கையில. நாம புழங்கின இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ரெண்டும் விண்டோஸ்காரங்களுக்கானது. நல்ல வேளை, ஐபஸ்ல எம்17என்ங்கற தொகுப்பை நிறுவினா அதுல தமிழ் டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கு. ரெண்டு மூணு எழுத்து இடம் மாறியிருக்குன்னு அப்பா இன்னும் குறைபட்டுக்கிட்டுத்தான் இருக்கார்.

ரெண்டாவது, பழைய ஃபைல். 2010-ல யூனிகோடுக்கு மாறச் சொல்லி அரசாணை வந்தாலும், அப்பா ஆபீஸ்ல பழகின வானவில் எழுத்துருவை ரொம்ப நாள் விடலை. அந்த ஃபைலை லிப்ரே ஆபீஸ்ல திறந்தா முழுக்க ஆங்கிலக் குப்பை. அப்பா முகத்தைப் பார்க்கணுமே! பத்து வருஷ மனுவும் போச்சுன்னு நினைச்சிட்டார். எழுத்துரு ஃபைலை எடுத்து இதுல போட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. (ஓஎஸ் மாத்தறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல ரெண்டு பிரதி எடுத்து வெச்சிருந்தேன். இதைச் செய்யாம யாரும் கை வைக்காதீங்க. "புதிய மனு 1"னு ஆரம்பிச்சு டெஸ்க்டாப் முழுக்க ஃபைல்.)

மூணாவதுதான் வேடிக்கை. ஒரே பக்கத்துல அடங்கின மனு எல்லாம் இப்ப ஒன்றரைப் பக்கம். விண்டோஸ்ல இருந்த லதா எழுத்துரு இங்க இல்லை, அதுக்குப் பதிலா வேற எழுத்துரு உக்காந்து வரி நீண்டு போச்சு. "மனு ஒரு பக்கத்துக்கு மேல போனா எந்த ஆபீசர்ப்பா படிப்பான்?"னு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அளவை 11-க்குக் குறைச்சு, ஓரத்தைக் கொஞ்சம் சுருக்கி, ஒரு மாதிரி மனு தயார் பண்ணிக் கொடுத்தேன்.

அப்புறம் போன். முதல் வாரத்துல மட்டும் பதினேழு தடவை. "ஏம்ப்பா, டபிள்யூ போட்ட நீலப் படம் எங்க?" "சேமிக்கணுமான்னு கேக்குது, இதுக்கு முன்னாடி இப்படிக் கேக்காதே?" "பேரன் போட்டோ எங்கே போச்சு?" ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல எல்லாம் வெளிய ஓடி வந்து பதில் சொன்னேன். ரெண்டாவது வாரம் ஒன்பது. ஒரு மாசம் கழிச்சு வாரத்துக்கு ஒண்ணு.

நம்ம லினக்ஸ் நண்பர்களும் சரி, புதுசு வாங்குன்னு சொல்ற கடைக்காரங்களும் சரி, மறைக்கற விலை இதுதான். மூவாயிரம் ரூபாய் ஒரு விலையே இல்லை. போன்ல பொறுமையா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும், அதுதான் விலை. அந்த ஆள் இல்லாத வீட்டுல நான் மிண்ட் போடச் சொல்ல மாட்டேன். போட்டுக் கொடுத்துட்டு "கூகிள் பண்ணிப் பாருங்க"ன்னு கழண்டுக்கறவங்களாலதான் லினக்ஸுக்கே கெட்ட பேர். ஆனா ஒண்ணு, நாப்பத்தெட்டாயிரம் கொடுத்துப் புதுசு வாங்கி அதுல விண்டோஸ் 11 இருந்திருந்தாலும் அப்பா பதினேழு தடவை போன் பண்ணியிருப்பார். ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போனதுக்கே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

எல்லாப் பழசையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொல்ல வரலை. விட்டுடலாம்னு நான் சொல்றது எப்பன்னா:

1. பேட்டரி உப்பி, லேப்டாப் வயிறு புடைச்சிருந்தா. முதல்ல அதை நிறுத்துங்க. ஓஎஸ் பேச்சே அப்புறம்தான்.

2. ராம் 2 ஜிபி, அதுவும் போர்டோட ஒட்டியிருந்தா. ஓஎஸ் ஓடும், பிரவுசர் ஓடாது. இன்னிக்குப் பொட்டியை மூச்சு முட்ட வெக்கறது ஓஎஸ்ஸை விட வலைப்பக்கங்கள்தான்.

3. சில்லு 32 பிட்டா இருந்தா. இங்க லினக்ஸும் கதவைச் சாத்திக்கிட்டு வருது. மிண்ட் 2020-ல 20-ஆம் பதிப்போட 32 பிட்டை நிறுத்தினாங்க. டெபியனே 2025-ல வந்த 13-ஆம் பதிப்புல 32 பிட் பொட்டிக்கான நிறுவியைக் கைவிட்டாச்சு. ஒரு காலத்துல இவங்களும் "முடியாது"ன்னு சொல்லத்தான் செய்வாங்க. கொஞ்சம் லேட்டா.

4. உங்க தொழிலே விண்டோஸ் மென்பொருளை நம்பியிருந்தா. டாலியில கணக்கு எழுதறவர்கிட்ட போய் லினக்ஸ் உபதேசம் பண்ணக் கூடாது. அவருக்குப் புதுப் பொட்டி செலவு இல்லை, முதலீடு.

இந்த நாலுலயும் சேராத பொட்டி நம்ம வீட்டுப் பரண்லயும் பீரோ மேலயும் எத்தனை இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்தது எத்தனை வீட்டுல மூடி வெச்சிருக்கு. அதுல பலதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன், அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாதுங்குது. யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கலை. திரும்பவும் அதே ஆள் பிரச்சனைதான்.

பின் தெருப் பாட்டிக்கு உதவித்தொகை இன்னும் வரலை. ரெண்டாவது மனு போன மாசம் அப்பா அடிச்சுக் கொடுத்தார், இந்தத் தடவை நம்ம பொட்டியிலயே. ஒரே பக்கம். 11 அளவு எழுத்து. பாட்டி பதிலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துட்டுப் போயிருக்கு. அப்பா வேணாம்னு சொல்லலையாம்.

உங்க வீட்டுல இப்படி மூடி வெச்ச பொட்டி இருந்தா, எந்த வருஷத்துது, எவ்வளவு ராம், ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, யார் என்ன வேலைக்குப் பயன்படுத்தப் போறாங்க, இந்த நாலையும் பின்னூட்டத்துல சொல்லுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியலைன்னா தெரிஞ்ச பதிவர் யாராவது வருவார், எப்பவும் வந்திருக்கார்.

டிஸ்கி 1: கடைப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு மாசத்துக்கு இத்தனை பொட்டி விக்கணும்னு கணக்கு இருக்கும். "ஏறாது"ன்னு சொன்னதுக்குப் பதிலா "விட மாட்டாங்க"ன்னு சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

டிஸ்கி 2: கழட்டின 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை ஒரு டப்பாவுல போட்டு வெளி டிஸ்க்கா ஆக்கியாச்சு. தங்கமணியோட சீரியல் சேமிப்புக் கிடங்கா இப்ப அமோகமா ஓடிக்கிட்டு இருக்கு. எதுவுமே வீண் போகலை, மக்களே!